ட்ராக்கை மாற்றலாம், கேட்டுவிட்டு

கேள்வி: டெல்லிக்கு அருகே உள்ள புத் சர்வதேசக் கார்ப் பந்தய ஓடுதளத்தை ஆர்ஃபாக்டர் என்ற கணினிப் பந்தய விளையாட்டுக்காக ரசிகர் ஒருவர் செய்து இலவசமாகத் தந்திருக்கிறார். அதை அசெட்டோ கோர்சா என்ற இன்னொரு பந்தய விளையாட்டுக்கு மாற்றி வருகிறேன். கார் ஓடுகிறது. ஆனால் றோட்டை விட்டுப் புல்லில் இறங்கினாலும் பிடி குறையவில்லை. கணினி ஓட்டும் கார்கள் அசையவே இல்லை. இதைச் சரிசெய்து வவுனியா, முல்லைத்தீவில் இருக்கும் கூட்டாளிகளுக்குக் கொடுக்கலாமா?
– வாசகர், கிளிநொச்சி

பதில்: கொடுப்பதைப் பற்றி முதலில் கதைப்போம், தம்பி. இலவசமாகத் தந்தவர் தன் உரிமையையும் சேர்த்துத் தந்துவிடவில்லை. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பதிவு எதுவும் செய்யாமலே ஒரு படைப்புக்குப் பாதுகாப்பு உண்டு. அதை மாற்றியமைக்கும் உரிமையும் படைத்தவருக்கே. ட்ராக்கோடு வந்த குறிப்புக் கோப்பைத் திறந்து பாருங்கள். மாற்றலாம் என்று அதில் இல்லையென்றால் அவருக்கு மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள். 5.125 கிலோமீற்றர் ஓடுதளத்தை, படங்களையும் பந்தயக் காணொளிகளையும் பார்த்துப் பார்த்து வளைவு வளைவாகச் செதுக்கிய உழைப்பாக இருக்கலாம் அது. இன்னொன்றையும் கேளுங்கள்: எல்லாம் அவரே செய்ததா, அல்லது எஃப்1 2011 போன்ற விலைக்கு விற்கும் விளையாட்டிலிருந்து உருவியதா? உருவியதென்றால் அனுமதி தர அவருக்கே உரிமை இல்லை.

இனி உங்கள் கோளாறுகள். எது தார், எது புல் என்பதை ஆர்ஃபாக்டர் தனிக் கோப்பில் வைத்திருக்கிறது. அசெட்டோ கோர்சா அதைப் படிக்காது. ஒவ்வொரு தரைத்துண்டின் பெயரும் ஓர் எண்ணில் தொடங்கி, அதையடுத்துத் தரையின் வகை வர வேண்டும் என்பது அதன் விதி. புல்லுக்கும் தாரின் பெயரை வைத்திருப்பீர்கள். பிளெண்டர் முப்பரிமாண மென்பொருளில் பிரித்துப் பெயரிட்டு, தரைக் கோப்பில் புல்லின் பிடியைத் தாரைவிட நன்றாகக் குறையுங்கள். 3ஆம் வளைவின் ஏற்றத்தில் கார் தூக்கிப்போட்டால், தரையின் முக்கோணங்கள் பெரிதாக இருக்கின்றன. அவற்றைச் சிறிதாக்கி வழுவழுப்பாக்க வேண்டும். கணினிக் கார்களுக்கான வழித்தடமும் பழைய விளையாட்டிலிருந்து வராது. நீங்களே நிதானமாக ஒரு சுற்று ஓட்டிப் பதிவுசெய்ய வேண்டும். பிட் பாதைக்கும் அப்படியே.

இவ்வளவு கற்றபின் வன்னி றோட்டு ஒன்றைச் சொந்தமாகச் செய்யலாமே. மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வழியே போகும் ஏ34 நல்ல தெரிவு. போரின் முடிவில் பலர் மடிந்த முள்ளிவாய்க்காலைத் தொட்டுச் செல்லும் ஏ35 வேண்டாம். அந்த மண்ணில் பந்தயம் ஓடுவது எங்கள் சனங்களை நோகடிக்கும். றோட்டின் வடிவத்தை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து எடுக்கலாம், அதன் பெயரைக் குறிப்பிட வேண்டும். ஏற்ற இறக்கத்துக்கு நாசாவின் உயரத் தரவு இலவசம். முடித்ததும் பிளெண்டர் மூலக்கோப்பையும், யாரும் எந்த விளையாட்டுக்கும் மாற்றலாம் என்ற எழுத்துமூல அனுமதியையும் சேர்த்தே வெளியிடுங்கள். வேறு விளையாட்டு வைத்திருக்கும் கூட்டாளிகள் யாரிடமும் கெஞ்ச வேண்டியிராது.

புத் ட்ராக்கைப் பொறுத்தவரை, மின்னஞ்சலை இன்றே எழுதுங்கள். பதில் வராவிட்டால் அதைச் சம்மதமாக எடுக்காதீர்கள். கோப்பு உங்கள் கணினியிலேயே இருக்கட்டும்.