தொய்ந்த தொட்டியும் தாங்கும் இரும்பும்

கேள்வி: அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் வசிக்கும் நாங்கள், பழைய டிராவல் டிரெய்லர் ஒன்றை வாங்கி, குளிர்காலத்தில் குவார்ட்ஸைட் அருகேயுள்ள பாலைவன முகாம்களுக்குச் சென்று வருகிறோம். அங்கே வண்டிக்கு வண்டி குழாய் இணைப்பு இல்லையாதலால், அடிப்புறத்திலுள்ள 40 கேலன் நன்னீர்த் தொட்டியை நிரப்பிக்கொண்டே புறப்படுவோம். சென்ற மாதம் குனிந்து பார்த்தபோது தொட்டி நடுவில் இரண்டங்குலம் தொய்ந்திருந்தது. அதைத் தாங்கும் தகட்டுப் பட்டை ஒன்றின் திருகாணியும் கழன்று தொங்கிற்று. பிறகு வேறொரு முகாமில் குழாயுடன் இணைத்திருந்தபோது, தொட்டியை நாங்கள் நிரப்பாமலே தொய்வு மிகுந்தது. திருகாணியை முடுக்கினால் போதுமா? தொட்டியையே மாற்ற வேண்டுமா?

— ஒரு வாசகர், டூசான்

பதில்: அன்பரே, இரண்டும் வேண்டாம். தொட்டியின் தர்மம் ஜலத்தைக் கொள்வது. அந்த ஜலத்தின் பாரத்தைச் சுமப்பது அதன் கீழுள்ள இரும்பின் தர்மம். பாலிஎதிலீனால் செய்த மெல்லிய சுவருள்ள தொட்டி, தனக்குக் கீழே ஆதாரம் தளர்ந்தபோது தானும் தளர்ந்ததேயன்றி, அது தானாகச் செய்த குற்றம் யாதொன்றுமில்லை. வெடிப்போ கசிவோ இல்லாதவரையில் அதையே வைத்துக்கொண்டு, தாங்கும் இரும்பை மாற்றுவதே முறை.

பாரம் எவ்வளவு என்பதை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 40 கேலன் என்பது ஏறத்தாழ 151 லிட்டர். அதாவது 75 கிலோ அரிசி மூட்டை இரண்டை வண்டியின் வயிற்றில் கட்டித் தொங்கவிட்டதற்குச் சமானம். வீட்டில் அசையாது கிடக்கும் மூட்டையைப் போலன்றி, இந்தப் பாரம் பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறும்போதெல்லாம் தன் எடையினும் மிகுதியாகக் கீழே மோதுகிறது; பிரேக் போட்டால் முன்னே சாய்கிறது. கழன்ற திருகாணியின் துளையை விரலால் தடவிப் பாருங்கள். வட்டமாக இருந்த துளை முட்டை வடிவாக நீண்டு, விளிம்பு உரசி மின்னிக்கொண்டிருக்கும். மெல்லிய தகட்டில் தானே மரை வெட்டிக்கொண்டு இறங்கிய ஆணிக்கு அந்த மரையே பிடி. அது தேய்ந்த துளையில் மறுபடி முடுக்கும் ஆணி அடுத்த பிரயாணம் வரைக்கும் நிற்பதுகூடச் சந்தேகம்.

பட்டை ஏன் வளைந்தது என்பதை வீட்டிலேயே பரீட்சை செய்யலாம். ஒரு தபால் கார்டை இரு புத்தகங்களுக்கிடையே பாலமாக வைத்து நடுவில் ஒரு நாணயத்தை இடுங்கள், கார்டு தொய்யும். அதே கார்டை நீளவாக்கில் ‘எல்’ வடிவாக மடித்து வைத்தால், அந்த நாணயத்தை அசையாமல் தாங்கும். பொருள் ஒன்றே, நிமிர்ந்து நிற்கும் விளிம்புதான் பலத்தைத் தருகிறது. ஆகவே தட்டையான பட்டைகளை எடுத்துவிட்டு, இரண்டங்குலத்துக்கு இரண்டங்குலம், 3/16 அங்குலக் கனமுள்ள எஃகு ஆங்கிள் மூன்றை, சட்டத்தின் இரு உத்தரங்களுக்கிடையே, அவற்றின் கீழ் விளிம்பின்மேல் முனைகள் அமரும்படி குறுக்கே வையுங்கள். முன்னும் பின்னும் உள்ள இரண்டின் நிமிர்ந்த விளிம்பு மேல்நோக்கித் தொட்டியை அணைத்து நின்றால், அது நகராமலிருக்க வேலியாகவும் உதவும். நடு ஆங்கிளின் விளிம்பு கீழ்நோக்கி இருக்கட்டும், அது முனைகளில் இடிக்காதபடி அங்கு மட்டும் வெட்டிவிடுங்கள். இவற்றின்மேல், ஈரம் ஏறாதபடி நாற்புறமும் வர்ணம் பூசிய அரையங்குலப் பிளைவுட் பலகையைப் பரப்பினால், தொட்டியின் அடி முழுவதும் பாரம் சமமாகப் பரவும். இரும்பு விளிம்பு பிளாஸ்டிக்கை அறுக்காதிருக்க இடையில் ரப்பர் பட்டை கொடுப்பது அவசியம்.

ஆங்கிள்களைத் திருகாணியால் அல்ல, தளராத நட்டும் வாஷரும் கொண்ட போல்ட்டால் பூட்டுங்கள். உத்தரத்தின் மேல் கீழ் விளிம்புகளே வண்டியின் வளைவைத் தாங்குவன. அவற்றில் துளையிடுவது அபாயம். நடுச்சுவரின் மத்திய உயரத்தில் சிறு ‘எல்’ துண்டு வைத்துப் பூட்டுவதே தக்கது. அதையும் வண்டி தயாரித்தவர்களைக் கேட்டபின் செய்யுங்கள். வெல்டிங் செய்வதானால் தேர்ந்தவரிடம் விடுங்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றி, தொட்டியையும் மின்கம்பிகளையும் தீப்பற்றும் நுரைப் பொருள்களையும் அப்புறப்படுத்தாமல் நெருப்பை அங்கே காட்டவே கூடாது.

வேலை தொடங்குமுன் தொட்டியைச் சொட்டு மிச்சமின்றி வடித்துவிடுங்கள். சமதரையில் வண்டியை நிறுத்தி, சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, சட்டத்தைப் பலமான தாங்கிகளில் நிறுத்துங்கள். வண்டி ஆடாமலிருக்க மட்டும் ஏற்பட்ட மூலைக் கால்களை நம்பிக் கீழே படுக்காதீர்கள். தொட்டியின் அடியில் அகலப் பலகை வைத்து ஜாக்கியால் ஏந்திய பிறகே பழைய பட்டைகளைக் கழற்றுங்கள். ஏற்றும்போது நிரப்பு குழாய், காற்றுக் குழாய், வடிகுழாய், பம்புக்குச் செல்லும் குழாய் ஆகியவற்றின் மூட்டுகளைச் சிரத்தையோடு பாருங்கள். தொய்வினால் இழுபட்ட மூட்டில் மயிரிழை வெடிப்பு இருக்கக்கூடும்.

இனி, நிரப்பாமலே தொய்வு மிகுந்தது என்றீர்களே, அதில்தான் இரண்டாவது வியாதி ஒளிந்திருக்கிறது. முகாமின் குழாய்நீர் தொட்டிக்குள் புகாதபடி பம்பில் ஓர் ஒருவழி வால்வு உண்டு. அது பழுதானால், குழாய்நீர் பின்வழியாக ஏறித் தொட்டியை நிரப்பும். காற்றுக் குழாயும் அடைத்திருந்தால், அழுத்தத்துக்கென்று செய்யப்படாத அத்தொட்டி பலூன்போல் உப்பும். காலித் தொட்டியின் வடிவால்வை மூடி, பம்பை நிறுத்தி, குழாயை இணைத்து ஒரு மணி நேரம் விட்டுப் பின் வடிவால்வைத் திறந்து பாருங்கள். நீர் வந்தால் வால்வை மாற்றியே ஆகவேண்டும். இதைக் கவனியாமல் எத்தனை இரும்பு கொடுத்தாலும் வியாதி தீராது.

எல்லாம் முடிந்தபின், 15 கேலனுக்குக் கால் கப் வாசனையற்ற பிளீச் என்ற கணக்கில் உங்கள் தொட்டிக்குச் சுமார் 160 மில்லி விட்டு நிரப்பி, நான்கு மணி நேரம் ஊறவைத்து, வாடை போகும்வரை அலசுங்கள். தொட்டி அச்சுக்குப் பின்னாலிருந்தால் நீர் நிரம்பியதும் வண்டியின் மூக்குப் பாரம் குறையும். அது மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று நிறுத்துப் பாருங்கள். நீர் நிரப்பிப் பிரயாணம் செய்யலாமா என்பதற்கு வண்டியின் கையேடே பிரமாணம்.

கடைசியாக, கொத்தனார் சுவருக்கு நூல் பிடிப்பதுபோல் இரு உத்தரங்களின் அடியில் ஒரு நூலை இழுத்துக் கட்டி, தொட்டி காலியாயிருக்கும்போதும் நிரம்பியபோதும் பலகைக்கும் நூலுக்குமுள்ள இடைவெளியை அளந்து ஒரு குறிப்பில் எழுதிவையுங்கள். 50 மைல் ஓட்டிவந்து மறுபடி நூல் பிடியுங்கள். முன்பு நிரம்பியபோது கண்ட அளவே இப்போதும் இருந்தால், அடுத்த குளிர்காலத்தில் உங்கள் குடும்பம் பாலைவனத்தில் குடிநீருக்குக் கவலையின்றி உறங்கலாம்.