தொட்டிலிலிருந்து கார் கட்டிலுக்கு

பிள்ளை தொட்டில் கம்பியில் கால் போட்டு ஏறத் தொடங்கினாலோ, உயரம் 90 செ.மீ.யை நெருங்கினாலோ கட்டிலுக்கு மாற்றிவிடுங்கள். சேலைத் தூளியானால் இன்னும் கவனம் வேண்டும். இறங்கப் பார்க்கும்போது துணி கழுத்தில் சுற்றிக்கொள்ளும்.

கார், ரயில், யானை வடிவக் கட்டில் வாங்க மத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கோ ஓசூருக்கோ போகிறவர்கள், பெயின்ட்டைப் பார்க்கும் முன் உயரத்தைப் பாருங்கள். குழந்தை உட்கார்ந்தால் பாதம் தரையில் பட வேண்டும். மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் அளவுக்கு மேல் இடைவெளி ஆகாது. பக்கத் தடுப்பு மெத்தைக்கு மேல் 5 அங்குலமாவது நிற்கட்டும். சக்கரம், தும்பிக்கை என்று நீட்டிக்கொண்டிருப்பதை எல்லாம் கையால் தடவுங்கள். ஆணித் தலை தட்டுப்பட்டால் அந்தக் கட்டிலே வேண்டாம்.

என்னைக் கேட்டால், உள்ளூர் தச்சரிடம் 6-க்கு 3 அடியில் தாழ்வான மரக்கட்டில் செய்து, கார் ஸ்டிக்கர் ஒட்டுவதே மேல். அந்த அளவுக்கு மெத்தை எங்கும் கிடைக்கும். கார் ஆசை டைனோசராக மாறினால் ஸ்டிக்கரை மட்டும் மாற்றலாம்.

கட்டிலை ஜன்னல் ஓரமும் ஸ்விட்ச் போர்டு பக்கமும் போடாதீர்கள். ஓசூர் ஆலையில் ஷிப்ட் வேலை என்றால், இரவில் நீங்கள் வீட்டில் இருக்கும் வாரத்தில் பிள்ளையைக் கட்டிலில் படுக்கவைக்கத் தொடங்குங்கள்.