டிரெய்லரைப் பாதுகாப்பாக ஓட்டுதலும் பேணுதலும்

முன்னாளில் மாட்டு வண்டி சுமந்த பாரத்தையெல்லாம் இந்நாளில் டிராக்டருக்குப் பின்னால் செல்லும் டிரெய்லர் சுமக்கின்றது. தஞ்சை, திருவாரூர்ப் பகுதிகளில் அறுவடையான நெல் அதில்தான் நேரடிக் கொள்முதல் நிலையத்துக்குச் செல்கின்றது. கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் வெட்டிய கரும்பு அதில்தான் ஆலையை அடைகின்றது. எரு, செங்கல், ஜல்லி ஆகியவற்றோடு பவர் டில்லர், நடவு யந்திரம் போன்ற கனமான யந்திரங்களையும் அதுவே ஊர்விட்டு ஊர் கொண்டு சேர்க்கின்றது.

இவ்வளவு உழைக்கும் டிரெய்லரை நாம் எவ்வாறு நடத்துகிறோம்? ஆயுத பூஜையன்று டிராக்டருக்கு மாலை சூட்டுகிறோம். அதற்கு எண்ணெய் மாற்ற வேண்டிய நாளையும் குறித்து வைக்கிறோம். டிரெய்லரோ வேலியோரத்தில் வெயிலிலும் மழையிலும் நிற்கின்றது. அதில் எஞ்சின் இல்லை. ஆகவே பழுதாவதற்கும் ஒன்றுமில்லை என்று பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணமே பல விபத்துகளுக்கு வித்தாகின்றது.

இங்கு ஓர் உண்மையை மனத்திற்கொள்ள வேண்டும். 45 குதிரைத்திறன் கொண்ட டிராக்டரின் எடை ஏறத்தாழ 2 டன். பாரம் ஏற்றிய டிரெய்லரின் எடையோ 5 டன்னையும் தாண்டக்கூடும். அஃதாவது, இழுக்கின்ற வண்டியைவிட இழுபடுகின்ற வண்டி இருமடங்குக்கு மேல் கனமானது. இழுப்பதற்கு எஞ்சினின் வலிமை போதும். ஆனால் நிறுத்த வேண்டிய தருணத்தில், பிரேக் இல்லாத டிரெய்லரின் பாரம் முழுவதையும் டிராக்டரின் பின் சக்கரங்கள் இரண்டே தடுத்தாக வேண்டும். இக்கட்டுரையில் கூறப்படும் விதிகளில் பெரும்பாலானவை இவ்வுண்மையிலிருந்தே பிறப்பவை.

பாரத்தின் அளவு

டிரெய்லரின் பெட்டி நிறைந்துவிட்டதா என்று பார்ப்பது பாரத்தை அறியும் வழியன்று. நூறு கன அடி கொண்ட ஒரு யூனிட் அளவுக்கு நெல்லைக் கொட்டினால் அதன் எடை சுமார் 1,600 கிலோ. அதே இடத்தில் உலர்ந்த மணலைக் கொட்டினால் எடை சுமார் 4,500 கிலோ. ஈர மணலாயின் 5,000 கிலோவையும் கடக்கலாம். பெட்டி ஒன்றே, பாரமோ மும்மடங்கு. நெல்லுக்குத் தாங்கிய பெட்டி மணலுக்கும் தாங்கும் என்று கருதி, பலகையை உயர்த்திக் கட்டி ஏற்றுவது அச்சையும் டயரையும் முறிப்பதற்கு ஒப்பாகும்.

மூட்டைக் கணக்கு எளிது. கொள்முதல் நிலையத்து மூட்டை 40 கிலோ. நூறு மூட்டைகள் ஏற்றினால் 4 டன். இத்துடன் டிரெய்லரின் சொந்த எடையையும் கூட்டிப் பார்த்தல் வேண்டும்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988 டிரெய்லரையும் ஒரு மோட்டார் வாகனமாகவே கொள்கின்றது. ஆகவே அதற்கும் பதிவு வேண்டும். மூன்றாம் நபர் காப்பீடும் வேண்டும். பதிவுச் சான்றிதழில் குறித்துள்ள மொத்த எடைக்கு மேல் ஏற்றிப் பொதுச்சாலையில் ஓட்டுவது அச்சட்டப்படி குற்றமாகும்.

முன்பாரமும் பின்பாரமும்

வண்டிக்கு முன்பாரம் மிகுந்தால் மாட்டின் கழுத்து புண்ணாகும். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலே தூக்கும். நம் முன்னோர் இதனை நன்கு அறிந்து பாரம் ஏற்றினர். ஒற்றை அச்சுள்ள இரு சக்கர டிரெய்லருக்கும் இவ்வறிவே வேண்டும்.

பின்பாரம் மிகுந்தால் டிரெய்லரின் மூக்கு டிராக்டரின் பின்புறத்தை மேலே தூக்கும். அப்போது பின் சக்கரங்களுக்குப் பிடிப்புக் குறையும். பிரேக் மிதித்தாலும் சறுக்கும். முன்பாரம் அளவு கடந்தால் டிராக்டரின் முன் சக்கரங்கள் இலேசாகிவிடும். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு அல்லது சற்றுக் கூடுதலாக மூக்கின்மேல் அமருமாறு, பாரத்தின் நடுப்பகுதி அச்சுக்குச் சிறிது முன்னால் இருத்தல் நலம். இரண்டு அச்சுள்ள நான்கு சக்கர டிரெய்லரில் பாரத்தை முன்னும் பின்னும் சமமாகப் பரப்புதல் வேண்டும். எவ்வகையாயினும் கனமானவை அடியிலும் இலேசானவை மேலும் இருக்கட்டும்.

டிராக்டருடன் இணைத்தல்

டிரெய்லரை டிராக்டரின் பின்புறம் தாழ்வாக உள்ள இழுவைக் கொக்கியில் மட்டுமே இணைக்க வேண்டும். கலப்பையைத் தூக்கும் மேல்கையிலோ அச்சுக்கு மேலான வேறு எவ்விடத்திலோ சங்கிலி கட்டி இழுத்தால், டிராக்டரின் முன்புறம் எழும்பிப் பின்பக்கமாகக் கவிழும். இவ்வாறு கவிழ்வதற்கு இரண்டு வினாடிகூட ஆவதில்லை. ஓட்டுநர் கிளச்சை மிதிக்க நினைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

சேற்றில் சிக்கிய டிராக்டரின் பின் சக்கரத்தில் மரக்கட்டையைக் கட்டி வெளியேற்றும் வழக்கம் வயற்பகுதிகளில் உண்டு. இதுவும் அதே ஆபத்தை உடையது. சக்கரம் சுழல முடியாமற்போனால், எஞ்சினின் விசை டிராக்டரின் உடலையே அச்சைச் சுற்றித் தூக்கிவிடும். சிக்கியபோது பாரத்தை இறக்குக, டிரெய்லரைக் கழற்றுக, பின்னோக்கி வெளியேற முயல்க. இயலாவிடின் மற்றொரு டிராக்டரைக் கொண்டு, தாழ்ந்த கொக்கியில் உறுதியான சங்கிலி பூட்டி, மெல்ல இழுக்கச் செய்க. சங்கிலி அறுந்தால் சாட்டைபோல் வீசும். ஆதலின் அருகில் ஒருவரும் நிற்றலாகாது.

இணைக்கும்போது உதவியாளர் டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் இடையில் நின்று மூக்கைப் பிடித்துக்கொள்வது பெரும்பிழை. அவர் பக்கவாட்டில், ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் நின்று சைகை காட்ட வேண்டும். டிராக்டர் முற்றிலும் நின்று, கைப்பிரேக் போட்ட பின்னரே இடையில் புகுந்து முளையைச் செருகலாம். செருகிய முளை மேலே துள்ளி வெளியேறாதவாறு அதன் பூட்டு ஊசியையும் போடுதல் வேண்டும். முளை தொலைந்தால் கட்டடக் கம்பித் துண்டை அதன் இடத்தில் செருகுவோர் உளர். மாட்டு வண்டிக்குக் கடையாணி எத்தகையதோ, டிரெய்லருக்கு இம்முளை அத்தகையது. மாற்றுப்பொருள் இதற்கு ஆகாது. முளை ஒடிந்தாலும் டிரெய்லர் தனியே ஓடிவிடாதபடி, பாதுகாப்புச் சங்கிலி ஒன்றையும் பூட்டுவது சிறந்தது.

கழற்றும்போது சமதரையில் நிறுத்திச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை இட்ட பிறகே முளையை எடுக்கவேண்டும். பின்பாரமாக நிற்கும் இரு சக்கர டிரெய்லரின் மூக்கு, முளை நீங்கியவுடன் மேலெழுந்து முகத்தில் தாக்கும் என்பதை மறத்தலாகாது.

சாலையில் செல்லும்போது

டிராக்டருக்கு இடம், வலம் என இரண்டு பிரேக் மிதிகள் உண்டு. வயலில் குறுகத் திரும்புவதற்காக அவை தனித்தனியே இயங்குகின்றன. சாலைக்கு வருமுன் இரண்டையும் தாழ்ப்பாளிட்டு ஒன்றாக்குதல் வேண்டும். பாரத்துடன் செல்கையில் ஒரு மிதி மட்டும் அழுந்தினால் டிராக்டர் ஒரு பக்கம் திரும்ப, டிரெய்லர் அதனைத் தள்ளிக் கவிழ்த்துவிடும்.

வேகம் இருமடங்கானால், பிரேக் பிடித்தபின் வண்டி ஓடி நிற்கும் தூரம் இருமடங்கன்று, நான்மடங்காகும். எடுத்துக்காட்டாக, மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் 8 மீட்டரில் நிற்கும் வண்டி, 40 கிலோமீட்டர் வேகத்தில் நிற்பதற்கு 32 மீட்டர் வேண்டும். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்கை அடைவதற்குள் செல்லும் தூரம் இதற்குப் புறம்பு. பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் ஊருக்குள் செல்லும் ஓட்டுநர் இக்கணக்கை நினைவிற்கொள்வாராக.

பாலத்துச் சரிவிலும் ஆற்றங்கரையிலிருந்து இறங்கும் வழியிலும், ஏறுவதற்கு எந்தக் கியர் வேண்டுமோ அந்தக் கியரிலேயே இறங்கவேண்டும். சரிவு தொடங்குமுன்பே கியரை மாற்றிக்கொள்க. டீசலை மிச்சப்படுத்த எண்ணி நியூட்ரலில் விடுவதும், கிளச்சை மிதித்தபடி இறங்குவதும் உயிரைப் பணயம் வைப்பதாகும். வாய்க்கால் கரைகளில், குறிப்பாக மழைக்குப் பின், ஓரத்தை விட்டு விலகியே செல்லுதல் வேண்டும்.

டிராக்டரின் மட்கார்டிலும், இணைப்புச் சட்டத்தின்மேலும், மூட்டைகளின் உச்சியிலும் ஆட்களை ஏற்றுவது அறவே கூடாது. பள்ளம் ஒன்றில் வண்டி குலுங்கினால், இணைப்புச் சட்டத்தில் அமர்ந்தவர் விழும் இடம் டிரெய்லர்ச் சக்கரத்துக்கு முன்னால்தான். நடவுக்கும் அறுப்புக்கும் செல்லும் தொழிலாளர்களுக்கு வேறு வாகனம் ஏற்பாடு செய்வது நிலத்துக்கு உரியவரின் பொறுப்பாகும்.

யந்திரங்களை ஏற்றுதல்

பவர் டில்லர் முதலிய யந்திரங்களைச் சமதரையில் மட்டுமே ஏற்றுக. டிரெய்லர் டிராக்டருடன் இணைந்தும், சக்கரங்கள் முட்டுக்கட்டையுடனும் இருத்தல் வேண்டும். ஏறுபலகைகள் யந்திரத்தின் எடையைத் தாங்கக் கூடியனவாகவும், நழுவாதவாறு கொக்கியிட்டும் இருக்கட்டும். யந்திரம் ஏறும்போது அதன் பின்னாலும் பக்கத்திலும் ஒருவரும் நிற்கலாகாது. ஏற்றியபின் அதன் பிரேக்கைப் போட்டு, தூக்கிய பாகங்களைக் கீழே இறக்கி, நான்கு மூலைகளிலிருந்தும் எதிரெதிர்த் திசையில் இழுக்குமாறு சங்கிலியால் கட்டுக. ஓரிரு கிலோமீட்டர் சென்றதும் நிறுத்திக் கட்டுகளை மறுபடியும் இறுக்குதல் இன்றியமையாதது. குலுங்கலில் எந்தக் கட்டும் தளரும்.

டிப்பரும் மின்கம்பியும்

பெட்டியைத் தூக்கிச் சரிக்கும் டிப்பர் டிரெய்லரில் இரண்டு ஆபத்துகள் உள. தூக்கிய பெட்டியைத் தாங்குவது குழாயிலுள்ள எண்ணெயின் அழுத்தமே. குழாய் வெடித்தால் பெட்டி ஒரு நொடியில் கீழே விழும். ஆதலின் முட்டுச்சட்டம் கொடுக்காமல் பெட்டிக்கு அடியில் தலையை நீட்டுதல் கூடாது. குழாயில் கசிவைக் கையால் தடவியும் தேடலாகாது. அழுத்தமுள்ள எண்ணெய் ஊசிபோல் தோலைத் துளைக்கும். அட்டைத் துண்டைக் காட்டிப் பார்க்க வேண்டும்.

பெட்டியைத் தூக்குமுன் அண்ணாந்து பார்ப்பது இரண்டாவது கடமை. மின்கம்பிக்கு அடியில் ஒருபோதும் தூக்கற்க. தவறிக் கம்பியில் பட்டுவிட்டால், மின்சாரம் துண்டிக்கப்படும் வரை ஓட்டுநர் இருக்கையிலேயே அமர்ந்திருக்க வேண்டும். மற்றவர்கள் பத்து மீட்டருக்கு அப்பால் விலக வேண்டும். தீப்பற்றி இறங்கியே தீரவேண்டுமெனில், வண்டியையும் தரையையும் ஒரே சமயத்தில் தொடாமல், இரு கால்களையும் சேர்த்துக் குதித்து, சேர்த்த கால்களுடனேயே தத்தி விலகுதல் வேண்டும்.

பராமரிப்பு

நாள்தோறும் புறப்படுமுன் ஐந்து நிமிடம் செலவிட்டு முளை, பூட்டு ஊசி, சங்கிலி, டயர், சக்கர நட்டுகள், பின்விளக்கு ஆகியவற்றைப் பார்த்தல் போதும். டயரில் அதன் பக்கவாட்டில் குறித்துள்ள அளவுக்கு மிகாமல், தயாரிப்பாளர் கூறும் அளவு காற்று வேண்டும். காற்றுக் குறைந்த டயர் சூடேறி வெடிக்கும். சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருந்தால், முதல் ஓட்டத்துக்குப் பின் நட்டுகளை மீண்டும் இறுக்குக.

வாரந்தோறும் கிரீஸ் இடவேண்டிய இடங்களில் இட்டு, இணைப்புச் சட்டத்தின் பற்றவைப்புகளைத் துடைத்துப் பார்க்க வேண்டும். மெல்லிய துருக்கோடு தெரிந்தால் அது பெரும்பாலும் விரிசலாகும். அதன்மேல் பெயிண்ட் பூசி மறைப்பது நோயை மறைப்பதற்கு ஒப்பு. வில்பட்டைகளில் ஒன்று ஒடிந்திருந்தாலும், அவற்றைப் பிணைக்கும் போல்ட்டுகள் தளர்ந்திருந்தாலும் உடனே சரிசெய்க. தேய்ந்து நடுவில் ஒடுங்கிய முளையை மாற்றிவிடுக.

அறுவடைக் காலம் தொடங்குமுன் ஒவ்வொரு சக்கரத்தையும் ஜாக்கியில் உயர்த்தி, உறுதியான கட்டையில் நிறுத்தி, மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பாருங்கள். ஆட்டமோ, சுற்றும்போது கரகரப்போ இருந்தால் பேரிங்கைக் கழற்றிக் கழுவிப் புதிய கிரீஸ் இடவேண்டும், தேய்ந்திருந்தால் மாற்றவேண்டும். வேலையில்லாக் காலத்தில் டிரெய்லரைக் கூரையின்கீழ், கட்டைமேல் ஏற்றி நிறுத்தினால் டயரும் வில்பட்டையும் நீடித்து உழைக்கும்.

இரவில்

விளக்கில்லாமல் சாலையோரம் நிற்கும் டிரெய்லர், இருளில் வரும் இருசக்கர வாகனத்துக்குக் கண்ணுக்குப் புலப்படாத சுவராகும். பின்புறத்தில் சிவப்பு ஒளிப்பட்டைகளும் எரியும் சிவப்பு விளக்கும் இருத்தல் வேண்டும். கரும்பு நீண்டு விளக்கை மறைத்தால், அதன் நுனியில் தனியே ஒரு சிவப்பு விளக்கைக் கட்டுக. பழுதாகி நின்ற வண்டியைச் சுற்றிக் கற்களை அடுக்கிவிட்டு, வண்டியை எடுத்த பின்னும் அவற்றை அங்கேயே விட்டுச் செல்வது பிறருக்கு இழைக்கும் தீங்காகும்.

பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கு

பஞ்சாயத்துக்கு உரிய டிரெய்லர் இருப்பின், அதனைப் பேணும் பொறுப்பை ஒருவர் பெயரில் ஒப்படைத்து, சோதித்த நாளும் செய்த பழுதும் எழுதப் பதிவேடு ஒன்று வைத்தல் வேண்டும். எல்லார்க்கும் பொதுவான பொருள், எவரும் கவனியாத பொருளாகிவிடலாகாது.

கிராம சபை கூடும்போது, அறுவடைக்கு முன்னரே இவற்றை விவாதித்து முடிவு செய்யலாம்: டிரெய்லர்களை இரவில் நிறுத்தச் சாலையைவிட்டு ஒதுங்கிய ஓரிடம், குறுகிய பாலங்களின் இரு முனையிலும் வெள்ளையடித்த காப்புக்கற்கள், தாழ்ந்து தொங்கும் மின்கம்பிகளின் பட்டியலை மின் அலுவலகத்துக்கு அனுப்புதல், ஊரிலுள்ள எல்லா டிரெய்லர்களுக்கும் ஒரே நாளில் ஒளிப்பட்டை ஒட்டுதல். இவற்றுக்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. ஓர் ஒளிப்பட்டையின் விலை ஒரு மூட்டை நெல்லின் விலைக்கு மிகவும் குறைவு.

விளைந்த நெல் களம் சேர்வதும், வெட்டிய கரும்பு ஆலை சேர்வதும் விவசாயிக்கு இன்பந்தரும் நாட்கள். அந்நாட்களில் வண்டியோடு சென்றவரும், வழியில் எதிர்ப்பட்டவரும் குறைவின்றி வீடு திரும்புதல் வேண்டும். அதற்கு வேண்டியது, பாரம் ஏற்றுமுன் எடையை எண்ணுவதும், புறப்படுமுன் ஐந்து நிமிடம் வண்டியைச் சுற்றி வருவதுமேயாகும்.