விண்டோஸை இப்போது போடாதே

வத்தலக்குண்டு

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் அம்மா போனில் சொன்னதையும் நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜையும் சேர்த்துக் கேட்டதில் விஷயம் புரிந்தது. இடி இடித்து கரண்ட் போய்ப் போய் வந்த ராத்திரிக்கு மறுநாள் லேப்டாப் எழுந்திருக்கவில்லை. பூம்பாறையிலும் மன்னவனூரிலும் பூண்டு விவசாயிகளிடம் எடுத்த பேட்டிகள், விளைச்சல் அட்டவணைகள், பாதி எழுதிய ஆய்வேடு எல்லாமே அதற்குள். தெரிந்த பையன் ஒருவன், "விண்டோஸ் திரும்பப் போட்டுத் தந்துடறேன், அரை நாள் வேலை" என்றானாம். அவனிடம் கொடுத்துவிடாதே. போனில் சொன்னால் பாதி காதில் விழாது, மலைமேல் சிக்னலும் நிற்காது. அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தப் பையனைக் குறை சொல்லவில்லை. கம்ப்யூட்டரை ஓடவைப்பது அவன் தொழில். உனக்கு வேண்டியது கம்ப்யூட்டர் ஓடுவதா, உள்ளே இருப்பதா? கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இதைச் சொல்வதே இல்லை, கடைக்காரரும் கேட்பதில்லை. சாயங்காலம் பளிச்சென்று புது விண்டோஸோடு லேப்டாப் கைக்கு வரும். குழந்தையின் படம் எங்கே என்று கேட்கும்போதுதான் இரண்டு பேருக்கும் முகம் மாறும். லேப்டாப்புக்குக் காசு கொடுத்தால் இன்னொன்று வரும். தொண்ணூறு வயதுப் பாட்டி திண்ணையில் உட்கார்ந்து சொன்ன விதைப்பூண்டுக் கணக்கை எந்தக் கடையில் வாங்குவாய்?

முதலில் மெஷினை அணைத்துவிட்டு ஒரு காகிதம் எடு. இதே சரக்கு வேறு எங்கெல்லாம் இருக்கும் என்று யோசித்து எழுது. பேட்டிகளைப் போனில்தானே பதிவு செய்தாய்? போனிலிருந்து அழித்துவிட்டாயா, பார். வழிகாட்டிப் பேராசிரியருக்கு மெயிலில் போன அத்தியாயங்கள் 'சென்ட்' பெட்டியில் அப்படியே இருக்கும். தோழிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய அட்டவணை, பிரிண்ட் எடுக்கக் கொண்டுபோன பென் டிரைவ், எதையும் விடாதே. போனிலேயே ஒன்டிரைவைத் திறந்து பார். புது லேப்டாப்புகளில் டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் நமக்குத் தெரியாமலே அங்கே ஏறிக்கொண்டிருப்பது உண்டு. உன் வேலையில் முக்கால்வாசி இப்படியே கிடைத்துவிடலாம். மிச்சத்துக்காகத்தான் மெஷினோடு மல்லுக்கட்ட வேண்டும்.

அடுத்து, எது கெட்டது என்று தெரிய வேண்டும். 'ஸ்டார்ட் ஆகவில்லை' என்று நாம் சொல்வதற்குள் நாலைந்து வெவ்வேறு நோய் இருக்கிறது. சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை அரை நிமிஷம் அழுத்திப் பிடி. பிறகு சார்ஜரை மாட்டிப் போடு. லைட்டே எரியவில்லை என்றால் கோளாறு மின்சாரப் பக்கம். டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்று நம்பலாம். லைட் எரிந்து, விசிறி சுற்றி, திரை மட்டும் கறுப்பாக இருந்தால் இருட்டறையில் திரைமேல் டார்ச் அடித்துப் பார். மங்கலாக எழுத்து தெரிந்தால் போனது திரையின் பின்விளக்கு மட்டும். டிவியில் கேபிள் போட்டு, ஃபைல்களை எடுத்துக்கொள்ளலாம். 'நோ பூட்டபிள் டிவைஸ்' என்று வந்தால் எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் போய் டிஸ்க்கின் பெயர் அங்கே இருக்கிறதா பார். இருந்தால் பாதி நிம்மதி. உள்ளே போனவள் எதையும் மாற்றாமல் வெளியே வா. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

காதையும் தீட்டிக்கொள். உன்னுடையது பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்காக இருந்து 'டிக்... டிக்... டிக்' என்று ஒரே தாளத்தில் சத்தம் வந்தால் அந்த நிமிஷமே அணைத்துவிடு. உள்ளே தட்டுக்கு மேலே தலை ஒன்று சில நானோமீட்டர் உயரத்தில் மிதந்தபடி படிக்கிறது. அது இடறினால் தட்டைக் கீறும். கீறின இடத்தில் இருந்தது எந்த வித்தைக்கும் திரும்ப வராது. இன்னும் ஒரே ஒரு தரம் போட்டுப் பார்ப்போமே என்று கை அரிக்கும். அந்த ஒரு தரத்தில்தான் போகும். மூடியைக் கழற்றிப் பார்க்கிறேன் என்று யாராவது திருப்புளியோடு வந்தால் டிஸ்க்கைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பு. தூசியில்லாத தனி அறையில் செய்யும் வேலை அது.

சுழலும் தட்டு இல்லாத எஸ்.எஸ்.டி. என்றால் சத்தமே இருக்காது, சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். அதில் இன்னொரு வில்லங்கம் உண்டு. பழைய டிஸ்க்கில் ஃபைலை அழித்தாலும் அதன்மேல் வேறு எழுதப்படும்வரை அடியில் கிடக்கும், ஃபோட்டோரெக் மாதிரி ஒரு மென்பொருளை வைத்துத் தோண்டி எடுக்கலாம். எஸ்.எஸ்.டி.யில் 'ட்ரிம்' என்ற ஏற்பாடு இருக்கிறது. இந்த இடம் இனி வேண்டாம் என்று விண்டோஸ் சொல்லிவிட்டால் டிஸ்க் தானாகவே அதைத் துடைத்துவிடும். ஃபார்மட் அடித்து விண்டோஸ் போட்டபிறகு பெரிய கம்பெனிக்காரனாலும் பெரும்பாலும் கைவிரிக்கத்தான் முடியும். அந்தப் பையனை நான் தடுப்பது இதனால்தான். 'ரீசெட்', 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்', 'செக்டிஸ்க்' எல்லாமே டிஸ்க்கில் எழுதக்கூடிய வேலைகள். செக்டிஸ்க் ஃபைல் கணக்கைத்தான் ஒழுங்குபடுத்தும், உன் ஃபைலைக் காப்பாற்றுவது அதன் கவலையில்லை. டிஸ்க் நோயாளியாக இருந்தால் அந்த உழைப்பிலேயே உயிர் போய்விடும்.

அசலைத் தொடாமல் படி எடுப்பது, பிறகு படியில் கைவைப்பது. என் அனுபவத்தில் இதைத் தாண்டி வித்தை இல்லை. உன் ஊரிலேயே இதற்குச் சாட்சி உண்டு. கொடைக்கானல் அப்சர்வேட்டரியில் 1904 முதல் வானம் தெளிந்த நாளெல்லாம் சூரியனைப் படம் பிடித்து வந்திருக்கிறார்கள், முதலில் கண்ணாடித் தட்டில், பின்னால் ஃபிலிமில். 1909-இல் எவர்ஷெட் என்பவர் அங்கேதான் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாக ஓடுவதைக் கண்டுபிடித்தார். இன்றும் உலகம் அதை அவர் பெயரால்தான் சொல்கிறது. அந்தத் தட்டுகளை முதலில் ஒருமுறை கம்ப்யூட்டருக்கு மாற்றினார்கள். அன்றைய கருவிக்கு எட்டிய நுணுக்கம் குறைவு. பிறகு 4096-க்கு 4096 புள்ளி பிடிக்கும் கேமரா வந்ததும் அதே தட்டுகளை எடுத்து மறுபடி முதலிலிருந்து படி எடுத்தார்கள். முதல் படி வந்துவிட்டதே என்று தட்டுகளைத் தூக்கிப் போட்டிருந்தால்? இந்திய வானியற்பியல் கழகம் அந்தப் படங்களை இன்று எல்லோரும் பார்க்கத் திறந்து வைத்திருக்கிறது, தட்டுகளும் இருக்கின்றன. இன்றைக்கு நம்மால் முடியாதது நாளைக்கு வேறு ஒருவரால் முடியலாம். அசல் கெடாமல் இருந்தால்தான் அந்த வாய்ப்பு.

உன் டிஸ்க்குக்கு எப்படிப் படி எடுப்பது? சத்தம் எதுவும் இல்லை, பயாஸில் பெயர் தெரிகிறது என்றால் வேறொரு கம்ப்யூட்டரில் வைத்து ஒரு பென் டிரைவில் உபுண்டு ஏற்றி, அதிலிருந்து உன் லேப்டாப்பைக் கிளப்பலாம். திரையில் 'ட்ரை', 'இன்ஸ்டால்' என்று கேட்கும். 'ட்ரை'யைத்தான் தொட வேண்டும், இன்ஸ்டாலைத் தொட்டால் நான் இவ்வளவு எழுதியதும் வீண். டிஸ்க் பூட்டப்படாமல் இருந்தால், விண்டோஸ் எழாவிட்டாலும் சி டிரைவ் திறக்கும். யூசர்ஸ் ஃபோல்டரில் உன் பெயருக்குள் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் இருக்கும். பேட்டிகளை முதலில் எடு, அடுத்து அட்டவணை, அப்புறம் ஆய்வேடு. சினிமாவும் பாட்டும் கடைசி. எடுத்தபின் பெயர் வந்துவிட்டது என்று திருப்திப்படாதே. ஒவ்வொரு பேட்டியையும் நடுவில் ஓடவிட்டுக் கேள். பெயர் இருந்து உள்ளே ஒன்றுமில்லாத ஃபைல்களை நிறையப் பார்த்தவன் நான்.

டிஸ்க் அங்கங்கே திணறினால் 'டிடிரெஸ்க்யூ' என்று ஒன்று இருக்கிறது. சுலபமாகப் படிக்க வருவதையெல்லாம் முதல் சுற்றில் வாரிக்கொண்டு, மக்கர் பண்ணும் இடங்களைக் குறித்து வைத்து, கடைசியில் அவற்றிடம் திரும்பி வரும். சந்தையில் பூண்டு பொறுக்குகிறவர்கள் நல்ல பூண்டை முதலில் தனியாக்கிவிட்டு, சொத்தையைக் கடைசியில் புரட்டுவதில்லையா, அப்படி. அந்தக் குறிப்பு ஃபைல் பத்திரமாக இருந்தால், நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். அசலுக்குச் சமமோ பெரிதோ ஆன காலி டிஸ்க் வேண்டும். கட்டளையில் எது அசல், எது காலி என்பதை மாற்றிக் கொடுத்தால் காலி டிஸ்க் அசலின்மேல் ஏறிவிடும். இதை நீ தனியாகச் செய்ய வேண்டாம்.

பயாஸில் எதையும் மாற்றாதே என்றேனே, காரணம் பிட்லாக்கர் என்ற பூட்டு. விண்டோஸ் 11 லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்திருந்தால் டிஸ்க் முழுவதும் பூட்டப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். அந்தப் பூட்டின் சாவி மதர்போர்டோடு பிணைந்தது. பயாஸை மாற்றினாலும், டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் போட்டாலும், உபுண்டுவிலிருந்து திறந்தாலும் 48 இலக்க எண் ஒன்றைக் கேட்கும். அது இல்லாமல் யாராலும் திறக்க முடியாது. உன் மைக்ரோசாஃப்ட் கணக்கில் போன் வழியாக நுழைந்து 'ரெகவரி கீ' என்று தேடு. கிடைத்தால் காகிதத்தில் எழுதி, இன்னொரு தரம் சரிபார்.

ஈரத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். மேலே மழைக்காலத்தில் அலமாரியில் வைத்த பெல்ட்டே பூசணம் பூக்கும். லேப்டாப் நனைந்தது என்றால் அரிசிக்குள் புதைக்காதே, ஹேர் டிரையர் அடிக்காதே. மூடியைத் திறந்து காற்றாட வை. குளிரில் கிடந்த மெஷினைக் கீழே வெக்கைக்குக் கொண்டுவந்ததும் உள்ளே பனி கோத்துக்கொள்ளும். பையை மூடியபடியே சில மணி நேரம் விட்டு, பிறகுதான் போடவேண்டும்.

டிஸ்க் உள்ளுக்குள் செத்துவிட்டது என்று தெரிந்தால் பெரிய நகரத்தில் டேட்டா ரெகவரி செய்யும் இடத்துக்குத்தான் போகவேண்டும். செலவு கையைக் கடிக்கும். பார்த்துச் சொல்ல எவ்வளவு, எடுத்துக் கொடுக்க எவ்வளவு, கிடைக்காவிட்டால் எவ்வளவு என்று மூன்றையும் எழுத்தில் வாங்கு. பேட்டி கொடுத்தவர்கள் பட்டா, கடன் விவரமெல்லாம் உன்னை நம்பிச் சொல்லியிருப்பார்கள். அதைப் பிறர் கையில் கொடுப்பதற்கு முன் உன் வழிகாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடு.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் இறங்கி வா. லேப்டாப்பை சார்ஜரோடு துணியில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொள், மேலே லக்கேஜ் தட்டில் போடாதே, மலைப்பாதை வளைவுகளில் உருண்டு விழும். நான் புது டிஸ்க் இரண்டு வாங்கி வைக்கிறேன். ஒன்று படி எடுக்க, மற்றொன்றில் அந்தப் படியின் படி. அது இங்கே என் வீட்டிலேயே இருக்கட்டும். அந்த 48 இலக்க எண்ணை மறக்காமல் எடுத்து வா. பெரியம்மா உனக்கு மதியச் சாப்பாடு செய்து வைப்பாள்.

உன்,
பெரியப்பா