பொது மென்பொருளில் புதியவரின் பங்கு

பின்னலாடைக்குத் திருப்பூர் பெயர்பெற்ற ஊர் என்பதை உலகம் அறியும். ஆனால் அத்தொழில் திருப்பூரோடு நின்றுவிடுவதில்லை என்பதும், ஊத்துக்குளி, செங்கப்பள்ளி, குன்னத்தூர் என்று சுற்றுப்புறமெங்கும் பவர் டேபிள் என்னும் தையல் கூடங்களாகவும் சிறு எம்பிராய்டரி யூனிட்டுகளாகவும் பரவிக் கிடக்கிறது என்பதும் இப்பக்கத்தில் வசிப்பவர்களுக்கே நன்கு தெரியும். அத்தகைய யூனிட்டுகளுக்கு டிசைன் பஞ்சிங் செய்து கொடுப்பது என் ஜீவனம். ஒரு சித்திரத்தை எடுத்துக்கொண்டு, ஊசி எங்கே இறங்க வேண்டும், தையல் எத்திசையில் ஓட வேண்டும், எந்த இடத்தில் நூலை அறுக்க வேண்டும் என்பதையெல்லாம் மெஷின் அறியும்படியான கோப்பாக மாற்றித் தருகிற வேலை அது. இதற்கென்று விற்கப்படும் பெரிய நிரல்களின் விலை, ஒற்றைக் கணினியை வைத்துக்கொண்டு தொழில் நடத்துகிறவனுக்கு எட்டுவதாயில்லை; திருட்டுப் பிரதியை உபயோகிக்கவோ எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்தச் சந்தர்ப்பத்தில்தான் இங்க்ஸ்கேப் என்னும் சித்திர நிரலும், அதனோடு சேர்ந்து இயங்கும் இங்க்ஸ்டிட்ச் என்னும் எம்பிராய்டரி இணைப்பும் என் கைக்கு வந்தன.

இரண்டும் கட்டற்ற மென்பொருள்கள். அவற்றின் மூலநிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்கு வழங்கலாம். 1983-ல் ரிச்சர்டு ஸ்டால்மன் க்னூ திட்டத்தை அறிவித்ததும், 1991-ல் பின்லாந்தில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டதும் பலரும் படித்திருக்கக்கூடிய சரித்திரம். இங்க்ஸ்கேப்பின் கதை அவ்வளவு பிரசித்தமல்ல. சோடிபோடி என்ற நிரலில் ஈடுபட்டிருந்தவர்கள் சிலர், 2003-ம் ஆண்டு அதன் மூலநிரலை எடுத்துக்கொண்டு தனி வழியில் வளர்க்க ஆரம்பித்ததன் பலன் அது. ஒருவர் எழுதியதை மற்றொருவர் சட்டப்படியே எடுத்து மேலும் வளர்க்கலாம் என்ற அந்த உரிமையினால்தான் குன்னத்தூரில் இருக்கும் எனக்கும் அக்காரியத்தில் ஒரு பங்கு சாத்தியமாயிற்று.

பெருந்துறை, ஈரோடு, கோவைக் கல்லூரிகளில் கணினி படிக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் வினா, எந்தத் திட்டத்தில் சேர்ந்தால் சீக்கிரம் பெயர் கிடைக்கும் என்பது. அவர்களிடம் நான் முதலில் சொல்வது, தேடிப் போக வேண்டாம், நீங்கள் தினந்தோறும் உபயோகிக்கும் நிரல் எதுவோ அதுவே உங்கள் திட்டம் என்பதைத்தான். தான் உபயோகிக்காத ஒரு கருவியைச் சீர்திருத்த முற்படுகிறவனுக்கு அதன் குறைகளும் தெரியாது, அக்குறைகளால் யாருக்கு என்ன கஷ்டம் என்பதும் தெரியாது. உபயோகிக்கிறவனுக்கோ, நிரல் எழுதுகிறவர்களுக்கே தெரியாத பல விஷயங்கள் தொழில் மூலமாகத் தெரிந்திருக்கும்.

இதற்கு என் தொழிலிலிருந்தே ஓர் உதாரணம் தருகிறேன். கெட்டியான நெய்த துணியின்மேல் வட்டமாக வந்த ஒரு டிசைன், அதே கோப்பை வைத்துச் சிங்கிள் ஜெர்சி பனியன் துணியில் ஓட்டும்போது முட்டை வடிவமாகிவிடும். பின்னல் துணி இழுபடக்கூடியது. தையல் நெருக்கமாக விழ விழ, நூல் துணியைத் தையலின் திசையில் உள்ளே இழுக்கிறது. ஆகையால் அத்திசையில் டிசைனைச் சிறிது அகலப்படுத்தி வைக்க வேண்டும். துணிக்கு அடியில் பேப்பர் கொடுக்க வேண்டும். மேல் தையலுக்கு முன்பாக அடித்தையல் ஒன்றை ஓடவிட வேண்டும். அகலப்படுத்துவதற்கான வசதி இங்க்ஸ்டிட்ச்சில் இருக்கிறது. ஆனால் வசதி இருப்பது ஒன்று. எந்தத் துணிக்கு எவ்வளவு என்பது வேறொன்று. அந்த இரண்டாவது ஞானம் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதால் மட்டும் வருவதல்ல. மெஷினின் பக்கத்தில் நின்று, பாழான பீஸ்களைக் கையில் எடுத்துப் பார்த்துப் பார்த்து வருவது. அதைத் தெளிவாக எழுதி, படம் எடுத்துச் சேர்த்து, நிரலின் உபயோகக் குறிப்புகளுக்குக் கொடுப்பவர், ஒரு வரி நிரல்கூட எழுதாமலே அத்திட்டத்துக்குப் பேருபகாரம் செய்தவராகிறார். பல மெஷின்களுக்குப் பொதுவான டி.எஸ்.டி. கோப்பில் நூலின் நிறம் பதிவாவதில்லை, நிறம் மாற்ற வேண்டிய இடத்தில் மெஷின் நிற்க வேண்டும் என்ற கட்டளை மட்டுமே இருக்கும் என்பதும், அதனால் கோப்போடு நிறக் குறிப்புத் தாளொன்றும் கூடவே போக வேண்டும் என்பதும் எங்களுக்கு அரிச்சுவடி. புதிதாக வருகிறவருக்கு அதுவே பெரிய புதிர். இப்படி நமக்கு அற்பமாகத் தோன்றுகிற அறிவுதான் பெரும்பாலும் எழுதப்படாமல் கிடக்கிறது.

அடுத்தது பிழை அறிவித்தல். நிரல் சரியாக வேலை செய்யவில்லை என்று மட்டும் எழுதுவது அறிவிப்பாகாது. எந்தப் பதிப்பு, எந்த இயங்குதளம், எந்தக் கிரமத்தில் எதையெதைச் செய்தோம், என்ன நடக்க வேண்டுமென்று எதிர்பார்த்தோம், உண்மையில் என்ன நடந்தது என்ற ஐந்தையும் சொல்ல வேண்டும். எழுதுவதற்கு முன் அதே பிழையை வேறு யாரேனும் முன்னரே அறிவித்திருக்கிறார்களா என்று தேடிப் பார்க்க வேண்டும். இருந்தால் புதிதாக ஒன்றைத் தொடங்காமல், நம் கணினியிலும் அது நிகழ்கிறது என்பதை விவரங்களோடு அங்கேயே சேர்க்க வேண்டும். நான் உபயோகிக்கும் நிரலொன்றில், சில டிசைன்களில் மட்டும் தேவையற்ற இடத்தில் நூல் அறுபடுவதைக் கண்டபோது, அந்தப் பெரிய டிசைனிலிருந்து ஒவ்வொரு பாகமாக நீக்கிக்கொண்டே வந்து, கடைசியில் இரண்டே கோடுகளில் அப்பிழை நிகழும்படி செய்து, அந்தச் சிறு கோப்பை அனுப்பினேன். பெரிய கோப்பை அனுப்பியிருந்தால் அதை ஆராய யாருக்கு அவகாசம் இருந்திருக்கும்? இரண்டு கோடுகளைப் பார்த்த நிரலாசிரியர் காரணத்தை விரைவில் கண்டுகொண்டார்.

கோப்பை அனுப்பும் விஷயத்தில் எங்கள் பகுதி இளைஞர்களுக்கு ஓர் எச்சரிக்கை மிக அவசியம். நம்மிடம் வேலைக்கு வரும் டிசைன்கள் பெரும்பாலும் பையர்களின் சொத்து. அந்த டிசைன் கொண்ட சட்டை கடைக்கு வருவதற்கு முன்பு அதை வெளியிட நமக்கு எவ்வித உரிமையும் இல்லை. ஒரு திட்டத்தின் பிழைப் பட்டியலில் சேர்த்த கோப்பு உலகம் முழுவதும் பார்க்கும்படி வெளியானதாகவே அர்த்தம். பிறகு நீக்கினாலும் அதற்குள் எவரேனும் எடுத்துவைத்திருக்கக்கூடும். ஆகவே பிழையைக் காட்டுவதற்கென்றே ஒரு பூவையோ கட்டத்தையோ புதிதாக வரைந்து அதையே அனுப்ப வேண்டும். கம்பெனிக் கணக்குகளையும் வாடிக்கையாளர் பட்டியலையும் வைத்து வேலை செய்கிறவர்களுக்கும் இது பொருந்தும்.

கவனித்துப் பார்ப்பது எவ்வளவு பெரிய தொண்டு என்பதற்கு 2024-ம் ஆண்டு மார்ச் மாதத்தில் நடந்த சம்பவம் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தள நிரலில் பணியாற்றும் ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட், தம் கணினியில் எஸ்.எஸ்.எச். என்னும் தொலைநுழைவு முறை வழியாக உள்நுழைவதற்கு வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை விநாடி கூடுதலாகிறதே என்று ஐயுற்று, அதன் காரணத்தைத் தொடர்ந்து துருவிக்கொண்டே போனதில், எக்ஸ்.இசட். என்ற சிறு நிரல் தொகுப்புக்குள் எவரோ திருட்டு வழியொன்றை மறைத்து வைத்திருப்பது வெளிப்பட்டது. உலகெங்கும் உள்ள லினக்ஸ் சர்வர்களுக்குள் அது பரவுவதற்கு முன்பே தடுக்கப்பட்டது, ஒரு மனிதர் அரை விநாடியை அலட்சியம் செய்யாத காரணத்தால்தான்.

அந்தச் சம்பவத்துக்கு மற்றொரு முகமும் உண்டு. புதியவர்கள் அதையும் அறிந்துகொள்ள வேண்டும். அந்தத் திருட்டு வழியை வைத்தது, ஜியா டான் என்ற பெயரில் தொண்டராக வந்து, இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக ஒழுங்காகத் திருத்தங்கள் அனுப்பி, களைத்துப்போயிருந்த பராமரிப்பாளரின் நம்பிக்கையைச் சம்பாதித்துக்கொண்ட ஒரு கணக்கு. அதன் பின்னால் இருந்தவர் யாரென்று பகிரங்கமாக நிரூபணமாகவில்லை. இப்படிப்பட்ட அனுபவத்துக்குப் பிறகு, முன்பின் அறியாத ஒருவர் அனுப்பும் திருத்தத்தைப் பராமரிப்பாளர்கள் வரிக்கு வரி சோதிப்பதும், தாமதிப்பதும், பல கேள்விகள் கேட்பதும் நியாயமே. பதில் வரச் சில வாரங்கள் ஆகலாம். அவர்களில் பலர் சம்பளமில்லாமல், தம் சொந்த வேலை முடிந்த பிறகு இரவில் உட்கார்ந்து இதைச் செய்கிறவர்கள். தாமதத்தை அவமானமாகக் கருதாமல், கேட்டதற்குச் சுருக்கமாகவும் மரியாதையாகவும் பதில் எழுதிவிட்டு, அதற்குள் வேறொரு சிறு வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பதே உத்தமம்.

எங்கள் பவர் டேபிள்களில் புதிதாக வேலைக்குச் சேருகிறவரை யாரும் எடுத்த எடுப்பில் ஓவர்லாக் மெஷினிலோ பேட்லாக் மெஷினிலோ உட்கார வைப்பதில்லை. கைமடியாக இருந்து, பீஸ்களை எடுத்துக் கொடுத்து, அடுக்கிக் கட்டி வருகிற காலத்தில், கழுத்துப் பட்டி எப்படி ஏறுகிறது, எந்தத் தையலுக்குப் பிறகு எந்தத் தையல் என்பதெல்லாம் கண்ணிலேயே பதிந்துவிடும். மென்பொருள் திட்டத்திலும் அத்தகைய காலமொன்று தேவை. பழைய திருத்தங்களையும், அவற்றின்மேல் நடந்த விவாதங்களையும், எது ஏற்கப்பட்டது, எது எக்காரணத்தால் திருப்பி அனுப்பப்பட்டது என்பதையும் படித்துவந்தால், அந்தச் சமூகத்தின் பேச்சுமுறையும் ருசியும் பிடிபடும். பங்களிப்போருக்கான குறிப்பு என்று ஒரு கோப்பு அநேகமாக எல்லாத் திட்டங்களிலும் இருக்கிறது; அதை முழுவதும் படிக்காமல் எதையும் அனுப்பலாகாது. மூலநிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்னும் கருவியைப் பழகுவது கடினமென்று பலர் பயப்படுகிறார்கள். பிரதியெடுப்பது, தனிக் கிளையில் திருத்துவது, சோதனைகளை ஓட்டிப் பார்ப்பது, இணைக்கும்படி கோருவது என்ற நான்கு காரியங்களைத் தெரிந்துகொண்டால் ஆரம்பத்துக்குப் போதும். ஒரு கோரிக்கையில் ஒரே ஒரு திருத்தம் மட்டும் இருக்க வேண்டும் என்ற நியதியை மட்டும் எக்காரணம் கொண்டும் மீற வேண்டாம்.

பரிசுக்காகச் செய்யப்படும் பங்களிப்பைப் பற்றி எனக்குக் கண்டிப்பான அபிப்பிராயம் உண்டு. டிஜிட்டல் ஓஷன் என்ற நிறுவனம் 2014 முதல் ஆண்டுதோறும் அக்டோபர் மாதத்தில் நடத்தும் ஹாக்டோபர்ஃபெஸ்ட் விழாவில், குறிப்பிட்ட எண்ணிக்கையில் திருத்தங்கள் அனுப்புவோருக்கு டி-ஷர்ட் வழங்குவது வழக்கமாக இருந்தது. 2020-ல் அந்த ஒரு சட்டையை நாடி, அறிமுகக் கோப்பில் ஒரு சொல்லைச் சேர்ப்பதும் ஒரு புள்ளியை மாற்றுவதுமாக ஆயிரக்கணக்கான வீண் திருத்தங்கள் வந்து குவிந்தன; பராமரிப்பாளர்கள் தவித்துப்போயினர்; விரும்பிச் சேரும் திட்டங்கள் மட்டுமே கணக்கில் கொள்ளப்படும் என்று விழாவின் நடுவிலேயே விதியை மாற்ற நேர்ந்தது. ஒரு சட்டை உருவாக எத்தனை பேருடைய உழைப்புச் சேர வேண்டும் என்பதைத் தினந்தோறும் காண்கிற ஊரில் இருந்துகொண்டு, பிறர் உழைப்பை வீணாக்கி ஒரு சட்டை வாங்குவதை என்னால் சகிக்க முடியவில்லை. இப்போது செயற்கை நுண்ணறிவைக் கொண்டு, தாமே சரிபார்க்காத பிழை அறிவிப்புகளை எழுதி அனுப்பும் பழக்கமும் கிளம்பியிருக்கிறது. கர்ல் என்னும் நிரலைப் பல ஆண்டுகளாகப் பேணிவரும் டேனியல் ஸ்டென்பர்க் இதனால் விளையும் கால விரயத்தைப் பற்றிப் பகிரங்கமாகவே எழுதியிருக்கிறார். இயந்திரத்தின் சகாயத்தைப் பெறுவதில் குற்றமில்லை. தன் கணினியில் நடந்ததைத் தானே கண்டு, தனக்கு விளங்கியதை மட்டும் எழுத வேண்டும்.

ஆங்கிலம் குறித்து எங்கள் பிள்ளைகளுக்கு உள்ள கூச்சம் அனாவசியமானது. இத்திட்டங்களில் உழைப்பவர்களில் ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் பிரேசில் நாட்டவரும் ஏராளம். சிறு சிறு வாக்கியங்களாக எழுதினால் அனைவருக்கும் நல்லது. அதுவும் வேண்டாம் என்போருக்குத் தமிழிலேயே வேலை காத்திருக்கிறது. 1998-ல் தொடங்கி உலகெங்கும் உள்ள தமிழர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டுச் சேர்த்த மதுரைத் திட்டம் இவ்வகைத் தொண்டுக்கு முன்னோடி. 2012 ஜனவரியில் த. ஸ்ரீநிவாசன் தொடங்கிய ‘கணியம்’ இதழும், அதற்கடுத்த ஆண்டு உருவான கட்டற்ற தமிழ் மின்னூல் திட்டமும், எழுத்தாளர், மெய்ப்புத் திருத்துவோர், அட்டைப்படம் வரைவோர், மின்னூலாக்குவோர் என்று நிரல் அறியாத பலருக்கும் இடம் கொடுத்திருக்கின்றன.

நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு முத்து அண்ணாமலை முதலியோர் உருவாக்கிய ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நூலகத்தைச் சிபாரிசு செய்வேன். ‘தமிழ்’ என்ற சொல்லில் எழுத்துகள் மூன்று. ஆனால் யூனிகோடு முறையில் தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி என்று தனித்தனியே பதிவாவதால், பைத்தானிடம் அதன் நீளத்தைக் கேட்டால் ஐந்து என்றே விடை வரும். அச்சொல்லைப் பின்னிருந்து முன்னாகத் திருப்பச் சொன்னாலும் குறிகள் எழுத்தை விட்டுப் பிரிந்து அலங்கோலமாகும். இவற்றை முறைப்படி எழுத்தெழுத்தாகப் பிரித்துக் கையாள அந்த நூலகம் உதவுகிறது. அதற்குச் சோதனைச் சொற்கள் எழுதிக் கொடுக்கும் வேலை, பள்ளித் தமிழ் இலக்கணத்தை மறக்காத எந்த மாணவராலும் ஆகக்கூடியது. கிரந்த எழுத்துள்ள சொற்கள், ஒற்று மிகும் தொடர்கள், பழைய நூல்களில் வரும் அளபெடைகள் ஆகியவற்றைக் கொடுத்துப் பார்த்தால், எங்கே தடுமாறுகிறது என்பது உடனே தெரியும்.

என் சொந்தக் காரியத்தைப் பொறுத்தவரை, சிங்கிள் ஜெர்சிக்கும் இன்டர்லாக்குக்கும் தனித்தனியே தையல் அளவுக் குறிப்புகளைத் தயாரித்துவிட்டேன். ரிப் துணிக்கான குறிப்பு இன்னும் பாக்கி. அது குறுக்குவாட்டில் மிக அதிகமாக இழுபடுவதால், ஒரே டிசைனைப் பல அடர்த்திகளில் ஓட்டி, துவைத்துக் காயவைத்துப் பார்த்த பிறகே அளவு சொல்ல முடியும். ஆர்டர் ஓடாத வேளையில் தம் மெஷினை உபயோகித்துக்கொள்ளும்படி பக்கத்து யூனிட்காரர் ஒருவர் சொல்லியிருக்கிறார். இந்த வட்டாரத்தில் பஞ்சிங் பழகும் இளைஞர்கள் எவரேனும் கூட வந்து, ஒவ்வொரு பீஸையும் அளந்து எழுதிக் கொடுக்க முன்வந்தால், குறிப்பில் அவர்கள் பெயரும் சேரும்.