தோலும் தொழிலாளரும்

கோயில் திருவிழாவில் உறுமி மேளம் முழங்கும்போது நம் கால்கள் தாமே தாளமிடுகின்றன. அம்முழக்கத்தைத் தருவது விலங்கின் தோலாகும். செருப்பு, இடுப்பு வார், கைப்பை முதலியனவும் தோலால் செய்யப்படுகின்றன. அத்தோலைப் பயனுள்ளதாக்கும் தொழிலைப் பற்றி ஈண்டு அறிந்துகொள்வோம்.

ரப்பர்ப் பாலை அப்படியே வைத்தால் கெட்டு நாறும். அமிலம் சேர்த்து உறையவைத்து, உருளையில் அழுத்தி, புகையில் உலர்த்தினால்தான் அது நெடுநாள் பயன்படும். தோலும் அத்தகையதே. உரித்த தோல் விரைவில் அழுகிவிடும். ஆதலால் முதலில் அதனை உப்பிட்டுக் காப்பர். பின்னர் நீரில் ஊறவைத்து, சுண்ணாம்பு நீரில் இட்டு, மயிரையும் ஊனையும் கத்தியால் வழித்து நீக்குவர். அதன்பின் ஆவாரம் பட்டை ஊறிய நீரில் பல நாள் கிடத்துவர். கடுக்காய் நீரும் பயன்படும். இவற்றிலுள்ள துவர்ப்புப் பொருள் தோலின் நார்களோடு பிணைந்து, அழுகாமல் காக்கிறது. கடுக்காயைக் கடித்தால் நம் நாக்கு சுருங்குவதும் இத்துவர்ப்பினாலேயே.

தமிழ்நாட்டில் பாலாற்றங்கரை ஊர்களாகிய ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகியவை இத்தொழிலுக்குப் பெயர் பெற்றவை. 1948ஆம் ஆண்டில் சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. காலப்போக்கில் பட்டையின் இடத்தைக் குரோமிய உப்பு பெரும்பாலும் பிடித்துக்கொண்டது. வேலை விரைவாயிற்று, ஆனால் கழிவுநீரால் ஆறும் கிணறுகளும் கெட்டன. மாசுபடுத்தியவரே இழப்பீடு தரவேண்டும் என்று 1996இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இத்தொழில் மிகப் பழைமையானது. புகார் நகரத்துத் தொழிலாளருள் தோல் தைப்போரையும் சிலப்பதிகாரம் குறிப்பிடுகிறது. புறநானூற்றின் 82ஆம் பாடலில், மன்னனின் போர் விரைவைக் கூறவந்த சாத்தந்தையார் என்னும் புலவர், கட்டிலுக்கு வார் பின்னும் தொழிலாளி ஒருவனின் ஊசியை எடுத்துக்காட்டுகிறார். ஊரில் திருவிழா, வீட்டில் மனைவிக்குப் பேறுகாலம், மழையோ பெய்கிறது, பொழுதும் சாய்கிறது. அத்தனை அவசரத்தில் அவன் ஊசி பறக்கிறது. ஆயினும் அப்பாடல் அவனைத் தாழ்ந்தவன் என்று பொருள்படும் சொல்லாலேயே சுட்டுகிறது. கையின் திறமையை வியந்த உலகம், அக்கைக்கு உரியவனை மதிக்க மறந்தது. இக்குறை பன்னூறு ஆண்டுகள் நீடித்தது.

மாணவச் செல்வங்களே! விடியுமுன் எழுந்து பால்மரம் சீவிய கைகளே நம்முள் பலரைப் படிக்க வைத்தன. நாற்றத்தையும் ஈரத்தையும் பொறுத்துத் தோல் பதனிடும் கைகளும் அத்தகையனவே. செருப்புத் தைத்துத் தருபவரை இனிக் காணும்போது, 'ஐயா' என்று அழைத்து நன்றி கூறுவோம். உழைக்கும் கைகளுள் தாழ்ந்த கை இல்லை.