களை எடுப்பவர்களுக்குத் தண்ணி

களைக்கொல்லி வேண்டாம் என்கிறோம். அப்போ அந்த வேலை கைக்களைக்குத்தான் வருகிறது. சித்திரை வெயிலில் குனிந்து களை எடுக்கிற அக்காமார் உடம்பைப் பற்றியும் நாம் பேசத்தானே வேண்டும்?

கடும் வெயிலில் பாடுபடும்போது ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரைக்கும் வியர்வையாகப் போய்விடும். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 20 நிமிஷத்துக்கு ஒரு டம்ளர் என்று வைத்துக்கொண்டால் சரியாக வரும். சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனால் குடித்தது பத்தவில்லை என்று அர்த்தம்.

வியர்வையோடு உப்பும் போகிறது. வெறும் தண்ணியை மட்டும் சொம்பு சொம்பாகக் குடித்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து தலைவலி, குமட்டல் வரும். அதனால்தான் நீராகாரம். ராத்திரி சோற்றில் ஊற்றி வைத்த தண்ணி, கொஞ்சம் மோர், உப்பு, கடிக்கச் சின்ன வெங்காயம். இதற்கு மேல் என்ன வேண்டும்? கடையில் விற்கும் கலர் தண்ணியில் சர்க்கரைதான் அதிகம். ரத்தக்கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் உப்பு விஷயத்தில் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் தெரிந்த பெண்களே எங்கள் காட்டில் குடிக்கவில்லை. பானை நிறைய மோர் வைத்தாலும் "வேணாம் தம்பி"தான். பிறகுதான் ஒரு பெரியம்மா சொன்னார்: "குடிச்சா ஒதுங்கணும்ல, எங்க போறது?" சுற்றிலும் வெட்டவெளி. காலையில் 6 மணிக்கு வந்தால் வீடு போகிற வரை அடக்கிக்கொண்டே இருப்பார்கள். நீர்க்கடுப்பு வருவதற்கு இது ஒன்று போதாதா?

வரப்போரம் நாலு கம்பு நட்டு, தென்னங்கீற்றால் மறைப்பு கட்டி, உள்ளே ஒரு குழி, ஒரு குடம் தண்ணி வைத்தோம். கிணற்றை விட்டுத் தள்ளி, நிழலுள்ள பக்கமாகப் பாருங்கள். அரை நாள் வேலைதான். அதிலிருந்து மோர்ப்பானை மதியத்துக்குள் காலியாகிறது. சொட்டுநீருக்கு அத்தனை கணக்குப் போடுகிற நமக்கு இந்தக் கணக்கு இத்தனை நாள் தோன்றாததுதான் ஆச்சரியம்.

ஒன்று அவசரம். வெயிலில் ஒருவர் பேச்சுக் குழறி, உடம்பு கொதித்து, சுருண்டு விழுந்தால் அது வெப்பவாதம். 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணி ஊற்றி விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும்.